புற்றுநோய் என்ற சொல்லும் டொக்டர் சாந்தாவும்

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் தலைவியாக விளங்கிய டொக்டர் வி. சாந்தா 2021 ஜனவரி 19 அதிகாலையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 93. கொவிட் - 19 பெருந்தொற்றைத் தவிர வேறு எந்த நோயைப் பற்றியும் உலகம் பேசாதிருந்த நாட்கள் அவை. இந்தியாவில் தடுப்பூசி ஏற்றும் பணி ஆரம்பிக்கப்பட்டு மூன்று தினங்களே ஆகியிருந்தன. தமிழ்நாட்டில் அவரது மறைவு பெரிய செய்தியாகவே அமைந்தது. ஆனால், எமது நாட்டின் வாசகர்கள் பலருக்கு அது வெளிநாட்டுச் செய்திகளுக்கு நடுவே வந்துபோன சில வரிகளாக மாத்திரமே இருந்திருக்கும்.

அவரைப் பற்றி எழுதப்பட்ட அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே விதமாகவே ஆரம்பித்தன. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சேர் சி.வி. இராமன் அவரது பாட்டனாரின் உடன்பிறந்தவர். அதே பரிசை 1983 ஆம் ஆண்டில் பெற்ற எஸ். சந்திரசேகர் அவரது தாய்மாமன். 1986 இல் பத்மஸ்ரீ, 2005 இல் மகசேசே விருது, 2006 இல் பத்மபூஷண், 2016 இல் பத்மவிபூஷண் என்று அந்தப் பட்டியல் நீளும். பட்டியல்களில் தவறொன்றும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் பிரமுகர் ஒருவரின் மரணச் செய்தி வந்ததும் முதலில் தேடப்படுவது அதுதான். என்றாலும், இவரைப் பொறுத்தவரை அந்த விருதுகளில் எதுவும் என் நினைவுக்கு முதலில் வருவதில்லை. புற்றுநோய் என்ற சொல்லைத் தீமைகளுக்கு உவமையாகப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை என்பதே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

கட்டுப்பாடின்றிப் பரவும் எந்தத் தீமையையும் புற்றுநோய் என்று வர்ணிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தமிழ்ப் பத்திரிகைகளும் அதற்கு விதிவிலக்கல்ல. ஊழல் என்ற புற்றுநோய், இனவாதம் என்ற புற்றுநோய், போதைப்பொருள் என்ற புற்றுநோய் என்று ஆசிரிய தலையங்கங்களில் எத்தனை தடவைகள் வாசித்திருப்போம்! அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சுக்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அறுபத்தைந்து வருடங்களுக்கு மேல் புற்றுநோயாளிகளுக்கு மத்தியிலேயே வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு அந்த உவமை உறுத்தியிருக்கிறது. நோயைக் காட்டிலும் அதைப் பற்றிய பீதியும் அவநம்பிக்கையுமே தனது பணிக்குப் பெரிய தடையாக இருக்கின்றன என்று அவர் இடையறாது சொல்லிவந்தார். 'குணப்படுத்த முடியாதது', 'வெட்டி எறியப்பட வேண்டியது' என்ற அர்த்தத்தில் அந்தச் சொல்லை நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள், தங்கள் உடம்பில் ஒரு கட்டியைக் கண்டதும் வைத்தியரிடம் ஓடிச் செல்வார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எமது ஊர்களில் அந்தச் சொல்லை எவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள். குரலைத் தாழ்த்தி, வாசற்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அதையும் சொல்ல விரும்பாதவர்களுக்கு ஊர்ப்பெயர் ஒன்று கைகொடுத்தது. 'மகரகமவுக்குக் கொண்டு போயிருக்கினம்' என்றால் கேட்டவருக்கு விளங்கிவிடும். இன்று அபேக்ஷா வைத்தியசாலை என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலை அமைந்திருப்பதால், பாவம் அந்த ஊர் ஒரு நோயின் பெயராகவே மாறிப்போனது. தமிழ்நாட்டில் அதே கதி அடையாறுக்கு. பாக்குநீரிணையைக் கடந்து சிகிச்சைக்குச் செல்லக்கூடியவர்கள் இருந்த காரணத்தினால் அடையாறு என்ற சொல்லும் எங்கள் வீடுகளில் அந்த இரகசிய அகராதியில் சேர்ந்துகொண்டது.

மரண அறிவித்தல்களிலும் அதே மௌனம்தான். மாரடைப்பில் இறந்தவரின் அறிவித்தலில் 'திடீர் மாரடைப்பினால்' என்று குறிப்பிடத் தயங்காத குடும்பங்கள், புற்றுநோயால் இறந்தவரின் அறிவித்தலில் 'சில காலமாகச் சுகவீனமுற்றிருந்த' என்று நிறுத்திக்கொள்ளும். மகளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கும் தந்தைக்கு அவ்வாறு செய்வதற்கு வேறு காரணமும் உண்டு. அது பரம்பரை நோய், தொற்றுநோய் என்றெல்லாம் கதைப்பதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் பத்திரிகைத் துறையில் பிரவேசித்த ஆரம்ப வருடங்களில் எங்கள் ஆசிரிய பீடத்தில் வயதில் மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். ஒற்றுப்பிழை, சந்திப்பிழைகளில் மிகவும் கண்டிப்பானவர். எழுதியவரின் கருத்தில் ஒருபோதும் கை வைக்கமாட்டார். ஒரேயொரு விடயத்தில் மாத்திரம் அவர் அந்தத் தர்மத்தை மீறினார். தலையங்கத்தில் 'ஊழல் என்ற புற்றுநோய்' என்று இருந்தால், அச்சில் அது 'ஊழல் என்ற நச்சுக்கொடி' என்றோ 'பீடை' என்றோ வரும். எழுதியவர்கள் கவனித்தார்களா என்பது தெரியாது. கவனித்தவர்களும் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் இரவு, பக்கங்கள் எல்லாம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, எங்கட வீட்டிலை அவ ஒவ்வொரு நாளும் பேப்பர் வாசிக்கிறவ" என்று மட்டும் சொன்னார்.

அவரது மனைவி அடையாறில் சிகிச்சை பெற்றவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கப்பலிலும் பின்னர் எழும்பூருக்குச் செல்லும் ரயிலிலுமாக அவரை அழைத்துச் சென்றிருக்கிறார். அச்சகத்தில் மாதச் சம்பளம் வாங்கும் மனிதருக்கு அந்தப் பயணச் செலவே பெரிய சுமை. சிகிச்சைக்காகத் தன்னிடம் கேட்கப்பட்ட பணம் தான் பயந்து கடன்பட்டுக் கொண்டுபோன தொகையில் சிறு பங்குதான் என்றும், மிகுதியில் திரும்பி வரும்போது மனைவிக்கு ஒரு சேலை வாங்கியதாகவும் அவர் சொல்வார். அந்த அம்மையார் அதற்குப் பிறகு நீண்டகாலம் வாழ்ந்தார். எங்களது பத்திரிகையைத் தவறாமல் வாசித்தார்.

அந்த ஒப்புநோக்குநரின் அனுபவம் தற்செயலானதல்ல. அது ஒரு கொள்கையின் விளைவு. அந்தக் கொள்கையை விளங்கிக்கொள்வதற்குச் சாந்தாவுக்கு முன்னதாக இன்னொரு பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி முறைக்கு எதிரான போராளியாகவும் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபை ஒன்றில் அங்கம் வகித்த முதல் பெண்மணியாகவும் வரலாறு அறியும். 1912 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவரது தங்கை 1923 இல் புற்றுநோய்க்குப் பலியானார். வைத்தியராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியாமல் போன அந்தத் துயரமே புற்றுநோய்க்கென்று தனியான வைத்தியசாலை ஒன்றை அமைக்கவேண்டும் என்ற வேட்கையை அவரிடம் ஏற்படுத்தியது. அது நிறைவேற மூன்று தசாப்தங்கள் பிடித்தன. உதவி கேட்டுச் சென்றபோது, புற்றுநோய் வந்தால் மக்கள் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு வைத்தியசாலை என்று அன்றைய சுகாதார அமைச்சர் கேட்டதாகச் சாந்தா பிற்காலத்தில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமைச்சரைக் குறைகூறிப் பயனில்லை. அன்று படித்தவர்களின் பொதுவான அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது.

இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவில் நிதி திரட்டப்பட்டது. 1952 ஒக்டோபரில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அடையாறில் 12 கட்டில்களுடன் வைத்தியசாலை ஆரம்பமானது. ஓலைக் குடிசைகள் சில, சிறிய கட்டிடம் ஒன்று, இவ்வளவுதான். முத்துலட்சுமியின் மகன் டொக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி வெளிநாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அவரே அங்கு வைத்தியர்.

அடுத்த வருடம் இரண்டாவது வைத்தியர் வந்து சேர்ந்தார்.

மயிலாப்பூரில் 1927 மார்ச் 11 பிறந்த சாந்தா சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949 இல் எம்.பி.பி.எஸ். பட்டமும் 1955 இல் மகப்பேற்று, பெண்நோயியல் துறையில் எம்.டி. பட்டமும் பெற்றவர். அந்த நாட்களில் ஒரு பெண் வைத்தியருக்குச் சமூகம் வகுத்துவைத்திருந்த பாதை மகப்பேற்றுத் துறைதான். அரச சேவைப் பரீட்சையிலும் அவர் சித்தியடைந்து எழும்பூர் பெண்கள், சிறுவர் வைத்தியசாலைக்கு நியமனமும் கிடைத்துவிட்டது. ஓய்வூதியத்துடன் கூடிய அரசாங்க உத்தியோகம்! எமது சமூகத்தில் அந்தச் சொற்களுக்கு என்ன மந்திர சக்தி இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. அதை உதறிவிட்டு, நோயாளிகள் இறப்பதற்காகவே வருகிறார்கள் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த ஒரு குடிசை வைத்தியசாலைக்கு இளம்பெண் ஒருவர் போகப்போகிறேன் என்றபோது பலரும் புருவத்தை உயர்த்தியதில் வியப்பில்லை. நிர்வாகத்தினால் அவருக்குக் கொடுக்க முடிந்தது மாதம் 200 ரூபா சம்பளமும் வளவுக்குள்ளேயே தங்குவதற்கு ஓர் இடமும்தான்.

1955 ஏப்ரல் 13 அவர் அந்த வளவுக்குள் குடிபுகுந்தார். தமிழ்ப் புத்தாண்டுக்கு முதல் நாள். திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த நாள் போலத் தெரியவில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தனக்கென்று வெளியில் ஒரு வீட்டைத் தேடவும் இல்லை.

கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் செய்த காரியங்களில் என்னை மிகவும் கவர்வது அவர்களது பொருளாதாரம். சிகிச்சைக்கு வருபவர்களில் வசதி படைத்தவர்கள் கட்டணம் செலுத்துவார்கள். அந்த வருமானமும் நன்கொடைகளும் அரசாங்க மானியமும் ஏழைகளின் சிகிச்சைக்குச் செலவாகும். நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதமானவர்கள் இலவசமாகவோ அல்லது பெருமளவு குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற்றார்கள். இத்தகைய ஏற்பாடுகளைப் பல தர்ம வைத்தியசாலைகள் அறிவிப்பதுண்டு. காலப்போக்கில் இலவசப் பகுதி ஒரு மூலைக்குத் தள்ளப்படுவதும் வழமையே. அடையாறில் கட்டணம் செலுத்துபவருக்கும் செலுத்தாதவருக்கும் அறை வேறுபடலாம். மருந்து வேறுபடக்கூடாது என்பதில் அவர்கள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வைத்தியம் வணிகமாகிப்போனதைச் சாந்தா கடைசிவரை கடுமையாக விமர்சித்து வந்தார். தனியார் வைத்தியசாலைகள் சென்னையின் ஒவ்வொரு வீதியிலும் முளைத்து, உலகம் முழுவதிலும் இருந்து நோயாளிகள் வந்து இறங்கிய காலத்திலும் அவரது தொனி மாறவில்லை.

தொண்டு மனப்பான்மையைப் புகழ்ந்துவிட்டு விஞ்ஞானத்தை மறந்துவிடுவது அஞ்சலிக் கட்டுரைகளின் இன்னொரு குறைபாடு. இவரை 'புற்றுநோயாளிகளின் அன்னை' என்று அழைத்தவர்கள் பலர். அழைக்கட்டும். ஆனால், அன்பு மாத்திரம் எந்தக் கட்டியையும் கரைப்பதில்லை.

1950 களின் பிற்பகுதியில் கனடாவிடம் இருந்து அன்பளிப்பாகப் பெற்ற கோபோல்ட் - 60 கதிர்வீச்சு இயந்திரம் அடையாறுக்கு வந்தது. இந்தியாவில் அத்தகைய சிகிச்சையின் ஆரம்பம் அதுதான். சிறுவர்களின் புற்றுநோய்க்கென்று தனியான பிரிவை அங்கு 1960 இல் தொடங்கினார்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தின் காரணமாக வாய்ப் புற்றுநோய் தென்னிந்தியாவில் மிக அதிகம். எமது நாட்டிலும்தான். நோய் முற்றிய நிலையில் வருபவர்களுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று கருதப்பட்ட வேளையில், மருந்தையும் கதிர்வீச்சையும் ஒருசேரக் கொடுக்கும் முறையை இருவரும் பரீட்சித்தார்கள். மருந்து, கட்டியின் உயிரணுக்களைக் கதிர்வீச்சுக்கு இலகுவில் இரையாகும்படி செய்கிறது என்பதே அதன் சாராம்சம். பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுத்ததன் பெறுபேறுகளை அவர்கள் வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகைகளில் வெளியிட்டார்கள். பல்வேறு புற்றுநோய்களுக்கு இன்று மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுப்பது வழமையாகிவிட்டது.

குழந்தைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயின் கதை இன்னும் முக்கியமானது. 1970 களில் அந்த நோய்க்கு ஆளான இந்தியச் சிறுவர்களில், பெரிய வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றவர்களிலும் கூட, நோய் திரும்பாமல் தப்பியவர்கள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. 1980 களின் நடுப்பகுதியில் மும்பாய், டில்லி, சென்னை ஆகிய மூன்று நகரங்களின் புற்றுநோய் நிலையங்கள் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் ஒத்துழைப்புடன் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தீர்மானித்தன. எந்த மருந்து, எந்த நாளில், எந்த அளவில் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. ஏழை நாடு ஒன்றில் தாங்கிக்கொள்ளக்கூடிய செலவில் அது வடிவமைக்கப்பட்டது. நான்கு வருடங்களின் பின்னர் நோயின்றி இருந்த சிறுவர்களின் விகிதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருந்து 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தது. பதினான்கு வருட அனுபவத்தைத் தொகுத்து அந்த ஆய்வு 2005 ஆம் ஆண்டில் வெளியானது. சாந்தாவுக்கு மகசேசே விருது கிடைத்ததும் அதே ஆண்டில்தான். பத்திரிகைகளில் விருது வந்தது. ஆய்வு வரவில்லை. செய்தி எது என்பதைத் தீர்மானிப்பதில் எமது துறைக்கென்று ஒரு விசித்திரமான தராசு இருக்கிறது.

எண்ணிக்கை தெரியாமல் எந்த நோயுடனும் போராட முடியாது என்பதைச் சாந்தா ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார். சென்னை நகரில் எத்தனை பேருக்கு, எந்த வகைப் புற்றுநோய், எந்த வயதில் வருகிறது என்பதைப் பதிவு செய்யும் திட்டம் 1980 களின் தொடக்கத்தில் அடையாறு நிலையத்தின் பொறுப்பில் ஆரம்பமானது. வைத்தியசாலை வைத்தியசாலையாக, மரணப் பதிவேடு மரணப் பதிவேடாகத் தேடிச்சென்று தகவல் திரட்டும் சலிப்பான வேலை அது. கமராக்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பதிவேடு இல்லாதிருந்தால், சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதை எவரும் நிரூபித்திருக்க முடியாது. புற்றுநோயைச் சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்யவேண்டும் என்று அவர் அரசாங்கங்களைத் தொடர்ந்து கோரிவந்ததற்கும் இதுவே காரணம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது மெல்லப் படரும் நோய். கருப்பைக் கழுத்தில் மாற்றம் தொடங்கி, அது புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பல வருடங்கள் எடுக்கும். எளிய பரிசோதனை ஒன்றினால் அந்த வருடங்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஆகவே, அந்த நோயினால் இறக்கும் ஒரு பெண் உண்மையில் நோயினால் மாத்திரம் இறக்கவில்லை. வெட்கத்தினால், பயத்தினால், வீட்டு வேலை முடியட்டும் என்ற தயக்கத்தினால் இறக்கிறாள். மகப்பேற்றுத் துறையைப் படித்துவிட்டு வந்த சாந்தாவுக்கு இது நன்றாகவே தெரியும். நோயாளி வரும்வரை காத்திராமல் கிராமங்களுக்குச் சென்று ஆரம்ப நிலையிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் முயற்சிகளில் அடையாறு நிலையம் 1960 களிலேயே காஞ்சிபுரம் பகுதியில் ஈடுபட ஆரம்பித்துவிட்டது. வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு போகத்தானே வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நிலைமை வேறு விதமானது. அங்கு நோயாளிகள் வரத் தயாராக இருந்தாலும் வீதி இருக்கவில்லை. ஏ - 9 பாதை மூடப்பட்டிருந்த மாதங்களில், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மகரகமவுக்குச் செல்ல வேண்டியவர்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் பாதுகாப்பு அனுமதிக்கும் காத்திருந்தார்கள். போர் முடிந்த பின்னர், 2011 ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடைபவனியாக வந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று எழுந்தது. தெற்கின் முனையில் இருந்து வடக்கின் முனை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து கட்டிய வைத்தியசாலை என்பதால் அந்தச் செய்தி எனக்கு இன்றும் இனிக்கிறது. மக்களிடம் கையேந்திக் கட்டப்பட்ட அடையாறுக்கும் தெல்லிப்பழைக்கும் இடையே இந்த வகையில் ஓர் உறவு இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

சாந்தா 1980 ஆம் ஆண்டில் நிலையத்தின் பணிப்பாளரானார். 1984 இல் புற்றுநோய் மருத்துவத்திலும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிலும் உயர் பட்டப்படிப்புகள் அங்கு ஆரம்பிக்கப்பட்டன. இந்தியாவில் அத்துறைகளில் அத்தகைய பட்டங்கள் வழங்கப்படுவது அதுவே முதற்தடவை. பயிற்றப்பட்டவர்களில் பலர் பெரிய சம்பளத்துக்கு வெளியே போய்விடுவார்கள் என்பது தெரிந்தே அவர் பயிற்றுவித்தார். எங்கே போனாலும் நோயாளிக்குத்தானே வைத்தியம் பார்க்கப்போகிறார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், பொதுச் சேவையை விட்டு இளம் வைத்தியர்கள் விலகிச் செல்வதைப் பற்றி அவர் கவலைப்படாமல் இருந்ததில்லை. 1997 இல் பணிப்பாளர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அலுவலகக் கடிதத்தில் இருந்த சொல். அதற்குப் பிறகு 23 வருடங்கள் நிலையத்தின் தலைவியாக வாட்டுகளுக்குச் சென்றுகொண்டும் மருந்து விலைகளுக்கு எதிராக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தார். புற்றுநோய் மருந்துகளுக்கான இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டதிலும், நோயாளிகளுக்குப் பயணச் சலுகை கிடைத்ததிலும் அவரது விடாப்பிடியான வற்புறுத்தலுக்குப் பங்குண்டு. பயணச் சலுகை சிறிய விடயமாகத் தோன்றலாம். தலைமன்னார் கப்பலில் மனைவியை அழைத்துச் சென்ற அந்த ஒப்புநோக்குநரைக் கேட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்லியிருப்பார். கதிர்வீச்சுக்கு ஒரு தடவை வந்தால் போதாது. வாரக்கணக்கில் வரவேண்டும். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வருடக்கணக்கில் வரவேண்டும். பாதியில் சிகிச்சையை நிறுத்திக்கொள்பவர்களில் பலரைத் தோற்கடிப்பது பஸ் கட்டணம்.

கிருஷ்ணமூர்த்தி 2010 ஆம் ஆண்டில் காலமானார். ஐம்பத்தைந்து வருட கால சகபாடி. ஆரம்ப நாட்களில் இருவருமே வைத்தியர்கள், இருவருமே நிர்வாகிகள், இருவருமே நிதி சேகரிப்பவர்கள். அவர் இல்லாத வைத்தியசாலையில் சாந்தா மேலும் ஒரு தசாப்தம் பணியாற்றினார். சாந்தாவின் பேச்சுக்களிலும் எழுத்துக்களிலும் 'நான்' என்ற சொல்லைக் காண்பது அரிது. முத்துலட்சுமி அம்மையாரின் கனவு, கிருஷ்ணமூர்த்தியின் உழைப்பு என்று சொல்லிவிட்டுத் தன்னைக் கடந்து போய்விடுவார். அடக்கம் என்று இதைச் சொல்வதைவிட, அவர் அப்படித்தான் உண்மையாகவே நம்பினார் என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும் என நினைக்கிறேன். குடும்பத்தில் இரண்டு நோபல் பரிசுகளைப் பார்த்தவருக்கு விருதுகள் பெரிய வியப்பைத் தந்திருக்கவும் மாட்டா.

புற்றுநோய் என்ற உவமையை எங்களது பத்திரிகைகள் கைவிட்டனவா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். இந்த மாதம் வாசித்த தலையங்கங்களில் மாத்திரம் இரண்டைக் கண்டேன். ஒப்புநோக்குநர்கள் என்று ஒரு வகையினரே இப்போது ஆசிரிய பீடங்களில் அருகிவிட்டார்கள். எழுதுபவர் எழுதுவது அப்படியே போகிறது. ஆனால், மரண அறிவித்தல்களில் ஒரு சிறிய மாற்றம் தெரிகிறது. 'புற்றுநோயுடன் போராடி' என்று துணிந்து எழுதுகின்ற குடும்பங்கள் இருக்கின்றன. மலர்வளையங்களுக்குப் பதிலாகப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நன்கொடை அளிக்குமாறு கேட்கும் அறிவித்தலையும் அண்மையில் பார்த்தேன்.

2021 ஜனவரி 18 இரவு சாந்தாவுக்கு நெஞ்சுவலி ஏற்பட்டது. இருதய சிகிச்சைக்காக அவரைச் சென்னையின் வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். அதிகாலையில் உயிர் பிரிந்தது. அடையாறு வளவுக்குள் அவர் குடிபுகுந்து அப்போது 65 வருடங்களும் ஒன்பது மாதங்களும் ஆகியிருந்தன. அன்றைய தினமே தமிழ்நாடு பொலிஸாரின் அரச மரியாதையுடன் பெசன்ட் நகரில் அவரது பூதவுடல் தகனம் செய்யப்பட்டது.